மலையேறிய அறை

ஆகஸ்ட் 11, திங்கள்

வண்டியைப் பார்க்கச் சின்னமனூரிலிருந்து ஒருவர் வந்தார். பானெட்டைத் திறந்து பார்த்தார், டயரை உதைத்துப் பார்த்தார், குனிந்து அடிப்பக்கம் பார்த்தார். ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டி, "சுருளிவேல்ங்கிறது நீங்கதானா? நாலு வீலும் இழுக்கிற பிக்கப் கிடைக்கிறதே கஷ்டம். ஏன் விக்கிறீங்க?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் நாற்காலியை விட்டு எழாமல், "ஓட்ட ஆளில்ல" என்றார்.

பதினெட்டு வருஷம் எஸ்டேட்களிலிருந்து ஏலக்காயும் காய்கறியும் இறக்கிய வண்டி. அந்த மனிதர் சாவியைக் கேட்டுக் கை நீட்டியபோது, "இப்போதைக்குக் குடுக்கிறதா இல்லைங்க" என்று நான் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. என் வீட்டுக்காரரும் கேட்கவில்லை. இப்போதெல்லாம் எதையுமே கேட்பதில்லை.

தையலுக்கு வந்த முகூர்த்த ஜாக்கெட்டுகள் நாலு பாக்கி இருக்கின்றன. கொக்கி கட்ட வேண்டும்.

ஆகஸ்ட் 14, வியாழன்

தேனி ஆஸ்பத்திரி. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் இந்த டயாலிசிஸ். உள்ளே அவருடைய ரத்தத்தை மெஷின் சுத்தம் செய்யும். வெளியே நான் பெஞ்சில் உட்கார்ந்து ஓரம் அடிப்பேன். வீட்டுக்கு வந்தால் மறுநாள் மதியம் வரை அவருக்குத் தலை தூக்காது. தெளிந்து எழும்போது அடுத்த முறை வந்துவிடும்.

இன்று ஸ்டெல்லா சிஸ்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வயிற்றில் சின்னக் குழாய் வைத்து, பையிலிருந்து மருந்து நீரை உள்ளே ஏற்றி, சில மணி நேரம் கழித்து வடித்துவிடுகிற முறை ஒன்று இருக்கிறதாம். வீட்டிலேயே ஒரு நாளைக்கு நாலு தரம் செய்துகொள்ளலாமாம். "ஆனா சுத்தம் முக்கியம்க்கா. தூசி, அழுக்குக் கை, எதுவும் ஆகாது. வயித்துக்குள்ள கிருமி போயிட்டா பெரிய பாடு."

திரும்பும்போது பஸ்ஸில் அவர் ஒன்று சொன்னார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார். வாழ நினைக்கிற மனுஷர் பேசுகிற பேச்சில்லை. அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. கண்டக்டர் சில்லறை கொடுக்க வந்தார், வாங்கி எண்ணிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து மாவு ஆட்டினேன்.

ஆகஸ்ட் 20, புதன்

பெரியகுளத்தில் லைனிங் துணி எடுக்கப் போவதாக அவரிடம் சொல்லிவிட்டு மதுரைக்குப் போய்வந்தேன். போன காரியம் ஆகவில்லை. லைனிங் துணி வாங்கவும் மறந்துவிட்டது.

ஆகஸ்ட் 23, சனி

குழாய் வைத்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டார். "உனக்கு அலைச்சலாவது மிச்சம்" என்றார். காரணம் எதுவாகவும் இருக்கட்டும்.

செப்டம்பர் 25, வியாழன்

குழாய் வைத்து, புண் ஆறி, எனக்கும் அவருக்கும் பயிற்சி முடிந்து இன்று வீட்டிலேயே முதல் நாள்.

கிழக்கு அறையைக் காலி செய்து, சுவரைக் கழுவி, புதிதாக வெள்ளை அடித்திருக்கிறேன். கதவு ஜன்னலை மூட வேண்டும். மின்விசிறியை நிறுத்த வேண்டும். முகமூடி கட்ட வேண்டும். கையை முழங்கை வரை சோப்பு போட்டுத் தேய்க்க வேண்டும். வயிற்றிலிருப்பது வடிய அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அப்புறம் மேலே கொக்கியில் தொங்கும் புதுப் பை உள்ளே இறங்கும். அவ்வளவுதான். நான்கு தரமும் நன்றாகவே நடந்தது. தலைசுற்றல் இல்லை. ராத்திரி இரண்டு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சந்தோஷமாக இருக்கிறாரோ என்று பார்த்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "முன்னாடி அந்த மெஷின்ல கட்டிப் போட்டிருந்தாக. இப்ப இந்த ரூம்ல. வித்தியாசம் ஒன்னும் பெருசா இல்ல இந்திராணி."

"ரூமுதான பிரச்சினை?" என்றேன். "வேற எடத்துல இருந்தா?"

"எங்க போனாலும் இதே மாதிரி ரூம் வேணுமே. கூடவா தூக்கிட்டுப் போக முடியும்?"

பாத்திரம் கழுவும்போது ஜன்னல் வழியாக வண்டி தெரிந்தது. அதன் பின்பக்கத்தை நான் அளவெடுப்பது போலப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். குழாய்த் தண்ணீர் பாத்திரம் நிரம்பி வழிந்தது.

செப்டம்பர் 28, ஞாயிறு

ஜபருல்லா அண்ணனை வீட்டுக்கு வரச் சொன்னேன். லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். என் வீட்டுக்காரருக்கு அவரோடு இளம் வயதிலிருந்தே பழக்கம்.

"பின்னாடி ஒரு ரூம் கட்டணும்ணே. தூசி உள்ள வரக்கூடாது. படுக்க எடம், கை கழுவத் தண்ணி, மேல கொக்கி. மலைப் பாதையில போனாலும் ஆட்டக்கூடாது."

அவர் தலையைச் சொறிந்தார். "ரூம் கட்டிரலாம் தங்கச்சி. ஆட்டாம போகச் சொன்னா எப்படி? பாரம் ஏத்துற வண்டி. காலியா போனா தவ்வும்."

அதுவரை பேசாமல் இருந்த என் வீட்டுக்காரர், "பின்னாடி ஸ்பிரிங் பிளேட்டு ரெண்டைக் கழட்டிரு. தவ்வாது" என்றார்.

ஜபருல்லா அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"கழட்டினா வண்டி தாழ்ந்துரும் மாப்ள. கல்லு அடிக்கும்."

"பெரிய டயரு போடு. ஸ்பிரிங் மாட்டுற ஷாக்கிளைக் கொஞ்சம் நீட்டமா போட்டுத் தூக்கு. கல்லு படாம ஆயில் சம்புக்குக் கீழ ஒரு தகடு. இதெல்லாம் நான் சொல்லணுமா?"

சொன்னார். ஒரு மணி நேரத்துக்கு மேல் சொன்னார். நடுவில் டீ ஆறிவிட்டது. இருவரும் வண்டிக்கு அடியில் படுக்கப் போனார்கள். வயிற்றில் குழாய் இருக்கிறது என்று கத்தி அவரை மட்டும் நிறுத்தினேன்.

மகள் வினோதினி ஓசூரிலிருந்து ராத்திரி போன் செய்தாள். விஷயத்தைச் சொன்னேன். "அம்மா, உனக்குக் கிறுக்கா? ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்க வேண்டிய மனுஷனை மலைக்குக் கூட்டிட்டுப் போறியா?" என்றாள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று அவள் பார்த்ததில்லை. வண்டி இன்னும் தயாராகவே இல்லை என்று சொல்லிச் சமாளித்தேன்.

அக்டோபர் 9, வியாழன்

ஜிப் வாங்கப் போய்வந்தேன். இடது முழங்கால் வலிக்கிறது.

அக்டோபர் 13, திங்கள்

தீபாவளித் தையல் மலை போலக் குவிந்திருக்கிறது. அதற்கு நடுவில் வண்டிக் கூண்டின் உள்பக்கத்துக்குக் குளிர் தாங்கும் பஞ்சு வைத்து ரெக்ஸின் தைத்துக்கொண்டிருக்கிறேன். துடைத்தால் சுத்தமாகும் துணிதான் ஆகும் என்று சிஸ்டர் சொன்னார். வாடிக்கைக்காரப் பெண் ஒருவர் தன் பாவாடையைக் கேட்டு வந்து, மெஷினில் ஓடுவது என்ன உடுப்பு என்று திகைத்து நின்றார். "வண்டிக்கு ஜாக்கெட்டு" என்றேன்.

ஜிப் வாங்கவும் போய்வந்தேன்.

அக்டோபர் 24, வெள்ளி

டயர் பார்க்கப் போனோம். கடைக்காரர் இரண்டு வகை காட்டினார். இரண்டுமே கட்டை கட்டையாய்ப் புடைத்த பட்டன் டயர். ஒன்று சகதியில் நன்றாகப் பிடிக்குமாம், ஆனால் சீக்கிரம் தேயுமாம். மற்றது அவ்வளவு பிடிக்காது, ஆனால் நீண்ட நாள் உழைக்குமாம்.

அவர் இரண்டையும் தடவிப் பார்த்தார். விரலை நுழைத்து ஆழம் பார்த்தார். பிறகு, "ரொம்ப வருஷம் வர்றது எதுவோ அதைக் குடுங்க" என்றார்.

நான் செருப்பு வார் அறுந்துவிட்டது போலக் கடைக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

நவம்பர் 2, ஞாயிறு

கூண்டு ஏறிவிட்டது. வேண்டும்போது கழற்றி இறக்கிவிடலாம். கொக்கியின் உயரம் சரியாக வரவில்லை. பை வயிற்றை விட நன்றாக மேலே தொங்கினால்தான் நீர் இறங்கும். ஜபருல்லா அண்ணன் தானே கட்டிலில் படுத்து, வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "இப்பப் பாருங்க தங்கச்சி, எறங்குமா?" என்று கேட்டார். அவர் வயிறு இருக்கிற உயரத்துக்குக் கூரையையே பிய்க்க வேண்டும். என் வீட்டுக்காரர் சிரித்தார். சத்தமாக. பட்டறையில் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தவர்கள் கூட நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள்.

நவம்பர் 6, வியாழன்

தூசி பார்த்தோம். கட்டிலின் மேல் சலவை வேட்டி ஒன்றை விரித்து, கதவை மூடி, செங்கல் சூளைப் பாதையில் ஜபருல்லா அண்ணன் வண்டியை ஓட்டினார். திரும்பி வந்து திறந்தால் வேட்டி காவி கட்டியிருந்தது. கதவு ஓரத்தில் விரலைத் தேய்த்தபோதுதான் தெரிந்தது, ரப்பர் வளைவில் ஒட்டாமல் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

நவம்பர் 12, புதன்

ரப்பருக்குள் நான் பஞ்சுக் கயிறு வைத்துத் தைத்துக் கொடுத்தேன். குடம் போல உப்பி நன்றாக அழுத்திப் பிடிக்கிறது. அதே பாதை, துவைத்த அதே வேட்டி. வெள்ளையாகவே திரும்பி வந்தது. அவர் அதை உதறி, இடுப்பில் கட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

நவம்பர் 18, செவ்வாய்

காலையில் வடிந்த நீர் கலங்கலாக இருந்தது. அரிசி கழுவிய தண்ணீர் போல. அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். பத்து மணிக்குள் வயிற்று வலியில் சுருண்டுவிட்டார். ஆட்டோ வைத்துத் தேனிக்கு வந்தோம்.

ஆஸ்பத்திரி பெஞ்சிலிருந்து எழுதுகிறேன்.

நவம்பர் 19, புதன்

கிருமி தொற்றியிருக்கிறது. பைக்குள்ளேயே மருந்து கலந்து ஏற்றுகிறார்கள். எப்படி ஆனது என்று ஸ்டெல்லா சிஸ்டர் துருவித் துருவிக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை மதியம் என் வீட்டுக்காரர் கூண்டுக்குப் பெயின்ட் பூசிவிட்டுத் தனியாகவே பை மாற்றியிருக்கிறார். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று வாளியில் கையை நனைத்துத் துடைத்திருக்கிறார். நான் வீட்டில் இல்லை. ஜிப் வாங்கப் போயிருந்தேன்.

போகும்போது சிஸ்டர், "நீங்களும் உடம்பைப் பாத்துக்கங்கக்கா. மதுரையில டெஸ்ட் பண்ணினப்ப சுகர் அவ்வளவு இருந்துச்சே, மாத்திரை போடுறீங்களா?" என்று கேட்டார். மதுரை விஷயத்தைச் சிஸ்டரிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். என் வீட்டுக்காரர் விழித்துக்கொண்டுதான் இருந்தார். என்னை ஒருமுறை பார்த்தார். மதுரைக்கு எப்போது போனாய் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கண்ணை மூடிக்கொண்டார்.

நவம்பர் 22, சனி

வினோதினி வந்துவிட்டாள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வராந்தாவுக்கு வந்ததும் என்னிடம் வெடித்தாள். "வண்டி, வண்டின்னு அதுலயே நின்னீங்க. இப்பப் பாத்தியா?"

அவளிடம் சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை. அவள் சொல்வது சரி என்றே தோன்றியது.

நவம்பர் 25, செவ்வாய்

நீர் கொஞ்சம் தெளிகிறது.

நவம்பர் 29, சனி

நன்றாகத் தெளிந்துவிட்டது. இன்னும் ஒரு வாரம் மருந்து தொடர வேண்டும். வீட்டிலேயே கலந்து ஏற்றச் சொல்லிக்கொடுத்து அனுப்பினார்கள். வினோதினி நாளை கிளம்புகிறாள்.

டிசம்பர் 5, வெள்ளி

வேலையை நிறுத்திவிடச் சொல்லலாம் என்று பட்டறைக்குப் போனேன். கூண்டைக் கழற்றி, பழையபடி ஆக்கி, சின்னமனூர்க்காரருக்கே கொடுத்துவிடுவது என்ற முடிவோடுதான் போனேன்.

வண்டியின் ஓட்டுநர் இருக்கை வேறு மாதிரி இருந்தது. முன்னால் தள்ளி, உயர்த்தி, முதுகுக்கு மெத்தை வைத்துப் பொருத்தியிருந்தார்கள்.

"இது என்னண்ணே? இவர் உட்கார்ந்தா முட்டி ஸ்டியரிங்ல இடிக்குமே."

"அவருக்கு எதுக்கு இடிக்குது?" என்றார் ஜபருல்லா அண்ணன். "உங்களுக்குத்தான். ஆஸ்பத்திரியில இருந்து போன் பண்ணிச் சொன்னாரு. 'அவ குட்டையான ஆளு, கிளட்ச் எட்டாம நுனியில உக்காந்து ஓட்டிப் பழகிட்டு இருக்கா, முழங்கால் வலிக்குதுன்னு சொல்றா, சீட்டை முன்ன தள்ளி வை'ன்னாரு. நீங்க டிரைவிங் ஸ்கூலுக்குப் போறது ஊருக்கே தெரியுமே தங்கச்சி."

நிறுத்தச் சொல்ல வந்ததை நான் சொல்லவில்லை. ஏறி உட்கார்ந்து பார்த்தேன். கால் எட்டியது.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "எப்ப இருந்து தெரியும்?"

"ரெண்டாவது ஜிப்புலயே தெரியும். இவ்வளவு ஜிப்பு வச்சு எவளுக்குத் தைக்கிற?" என்றார். பிறகு, "மதுரைக்கு எதுக்குப் போனேன்னுதான் தெரியாம இருந்துச்சு. அதையும் சிஸ்டர் சொல்லிருச்சு. நீயா ஏன் சொல்லல?"

"கிட்னி குடுக்கலாம்னு போனேன், சுகர் இருக்குன்னு வேணாம்னுட்டாக. கிடைக்காததை வந்து சொல்லி என்ன செய்ய?"

கறிவேப்பிலையை உருவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவரும் இரண்டு கொத்து உருவினார்.

"அன்னைக்குப் பஸ்ஸுல நான் சொன்னதை மறந்துரு" என்றார்.

"எதை?" என்றேன்.

டிசம்பர் 16, செவ்வாய்

லைசென்ஸ் வந்துவிட்டது. போட்டோவில் திருடி மாதிரி இருக்கிறேன்.

டிசம்பர் 27, சனி

ஸ்டெல்லா சிஸ்டர் விடுமுறையில் வீட்டுக்கே வந்து வண்டிக்குள் ஏறிப் பார்த்தார். கை கழுவும் தொட்டி, தண்ணீர் டேங்க், பைகள் அடுக்கிய இழுப்பறை, மேலே சோலார் தகடு, இரண்டாவது பேட்டரியில் வேலை செய்யும் சூடேற்றும் பெட்டி. மலைக் குளிரில் பை சில்லென்று இருந்தால் வயிறு இழுத்துப் பிடிக்கும் என்பதால் அந்தப் பெட்டி. கண்ட இடத்தில் கொட்டாமல் வடித்த நீரைக் கீழே கொண்டுவர மூடி போட்ட கேன். எதிலும் குறை சொல்லவில்லை. ஒரு பையை உள்ளேயே மாற்றிக் காட்டச் சொன்னார். காட்டினோம்.

"டாக்டர் சரின்னுட்டாரு. கை கழுவத் தண்ணி இல்லேன்னா என்ன செய்வீங்க?" என்று என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்டார்.

"கழுவத் தண்ணி வர்ற வரைக்கும் பையைத் தொட மாட்டேன்" என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளை போலச் சொன்னார்.

ஜனவரி 9, வெள்ளி

கிளம்பினோம். ஆனைக்கல் மெட்டுக்கு மேலே வர்கீஸ் அண்ணனின் காப்பித் தோட்டம் இருக்கிறது. என் வீட்டுக்காரர் எத்தனையோ வருஷம் அவருக்கு லோடு இறக்கியவர் என்பதால், தோட்டத்து மேட்டில் எத்தனை நாள் வேண்டுமானாலும் வண்டியைப் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார்.

தார் ரோடு முடியும் வரை பிரச்சினை இல்லை. அதற்குப் பிறகு பாதை என்பதே கல்லும் வாய்க்காலும்தான். நான்கு சக்கரமும் இழுக்கும் கியரைப் போட்டு ஊர்ந்தேன். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் மழை அரித்திருந்தது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் மரத்தின் தலைகள்தான் தெரிந்தன. பாதி வளைவில் பின்சக்கரம் சறுக்கி வண்டி பின்னால் போனது. பிரேக்கை மிதித்து நிறுத்தினேன்.

"என்னால ஆகாது. நீங்க வந்து ஓட்டுங்க" என்று அழுதுவிட்டேன்.

"வயித்துல ரெண்டு லிட்டர் தண்ணியை வச்சுக்கிட்டு இந்த ஏத்தத்துல நான் எப்படிக் கிளட்ச் மிதிக்கிறது? அழுகாம இரு. எறங்கிப் பாக்குறேன்."

இறங்கினார். சரிந்த கற்களைப் பார்த்தார். தட்டையான இரண்டு கல்லைக் காலாலேயே தள்ளிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார். பிறகு வண்டிக்கு முன்னால் நன்றாக மேலே போய், பாறை ஓரமாக ஒதுங்கி நின்று, இரண்டு கையையும் தூக்கினார்.

"என் கையை மட்டும் பாரு! பள்ளத்தைப் பாக்காத! பாறைப் பக்கம் ஸ்டியரிங்கை ஒடி... இன்னும் ஒடி... இப்ப விடு! மெதுவா, மெதுவா... நிறுத்திறாத!"

ஒரு வருஷமாக அவர் இவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. கையை மட்டும் பார்த்தேன். டயர் கல்லைக் கவ்வியது தெரிந்தது. வண்டி முனகிக்கொண்டு ஏறியது. வளைவைத் தாண்டி நின்றபோது அவர் மூச்சு வாங்க நடந்து வந்து, ஜன்னலில் கை வைத்து, "டிரைவரே, அடுத்த வளைவு இதை விட மோசம்" என்றார்.

அதிலும் ஏறினேன்.

மேட்டுக்கு வந்ததும் எங்கும் மேகம். காற்று ஊளையிட்டது. கூண்டுக்குள் ஏறிக் கதவைச் சாத்தினோம், சத்தம் அடங்கியது. கையைக் கழுவி, முகமூடி கட்டி, பையைக் கொக்கியில் மாட்டினேன். வெதுவெதுப்பாக இருந்தது. வடிந்த நீர் பளிங்கு போலத் தெளிவு. புதுப் பை இறங்கிக்கொண்டிருக்கும்போது சின்ன ஜன்னலில் மேகம் விலகி, கீழே எங்கள் போடி ஊர் முழுக்கத் தெரிந்தது. எங்கள் தெரு எது என்று அவர் காட்டினார். நான் நம்பவில்லை.

ஜனவரி 10, சனி

வினோதினிக்குப் படம் அனுப்பினேன். சிக்னல் பாறை மேல் ஏறினால்தான் கிடைக்கிறது. "ஸ்வெட்டர் போடச் சொல்லு" என்று மட்டும் பதில் போட்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "பொங்கலுக்கு நான் வந்தா எனக்கு உள்ள எடம் இருக்குமா?" என்று இன்னொன்று.

அவர் காப்பிச் செடிகளுக்கு இடையே நிதானமாக நடந்து வந்தார். காற்றுக்குக் கூண்டின் பக்கவாட்டில் தார்ப்பாய் கட்டினோம். கயிறு கோக்க நான் தைத்த காதுகளில் ஒன்று பிய்ந்துவிட்டது. ஊசி நூல் கொண்டுவந்திருந்தேன்.

ஜனவரி 11, ஞாயிறு

இன்று இறங்க வேண்டும். நாளை ஒரு கல்யாண ஜாக்கெட் கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். விடிந்ததும் எல்லாம் எடுத்து வைத்தோம், காலைப் பையும் மாற்றியாயிற்று. இன்ஜினைப் போடப் போகும்போது அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

பாதையை மறித்துக்கொண்டு காட்டுமாடுகள். ஏழோ எட்டோ. கறுத்த உடம்பும், சாக்ஸ் போட்டது போல வெள்ளைக் கால்களும். ஒரு கன்று பாதையின் நடுவில் படுத்தே விட்டது. தாய் எங்களைப் பார்த்து மூச்சு விட்டது. அந்தப் புகை கூடத் தெரிந்தது.

"ஹாரன் அடிக்கவா?" என்று கிசுகிசுத்தேன்.

"அடிச்சுக் கிடிச்சு வச்சுறாத. அதுக எந்திரிக்கிறப்ப எந்திரிக்கட்டும்."

"மத்தியானம் வரைக்கும் எந்திரிக்கலேன்னா?"

"மத்தியானப் பையை இங்கயே போட்டுக்குவோம்."

"சாயங்காலம் வரைக்கும்?"

"சாயங்காலத்துக்கும் இருக்கு. நாளைக்கும் இருக்கு" என்றார். "அந்தக் கல்யாணப் பொண்ணுக்குப் போன் போட்டு, மாடு விடலைன்னு சொல்லு."

சாவியைத் திருப்பி எடுத்துவிட்டேன். சத்தமில்லாமல் பின்னால் போய் அடுப்பை வெளியே எடுத்து வைத்திருக்கிறேன். பால் தீர்ந்துவிட்டது. கட்டன் டீ போதும் என்கிறார். தண்ணீர் கொதிக்கிறது. கன்று இன்னும் எழுந்திருக்கவில்லை.